சின்னத்துரையின் சங்கிலி

என் மகள் வீட்டு நாய்க்கு மழைச்சட்டை இருக்கிறது. பல் விளக்கத் தனியாக ஒரு பிரஷ் இருக்கிறது. ஒரு நாள் நடக்கக் கூட்டிப்போகாவிட்டால் அதற்கு மனம் வாடிவிடுமாம். மகள் சொல்கிறாள், நானும் தலையை ஆட்டுகிறேன். அவளிடம் சின்னத்துரையின் கதையை நான் சொன்னதில்லை. சொன்னால், உங்கள் ஆட்கள் இப்படியா என்று கேட்பாள். உங்களிடம் சொல்லலாம். கொழும்பு வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கைகளில் வளர்ந்து, ஜப்பான்காரன் குண்டு போட்டதும் மூட்டை கட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்துக்கு ஓடின வீட்டுப் பிள்ளைகள்தானே நாமெல்லோரும். உங்கள் வீட்டிலும் ஒரு மாமி இருந்திருப்பாள்.

சின்னத்துரை எங்கள் நாய். என் தகப்பன், ஐயா, கிளாக்கராக வேலை பார்த்த கந்தோரில் பெரிய துரையாக இருந்த வெள்ளைக்காரர் வளர்த்தது. தேன் நிறம், தொங்கின காது, ஆளைப் பார்த்தால் முழு உடம்பையும் ஆட்டும். துரை அதற்கு ஏதோ ஆங்கிலப் பெயர் வைத்திருந்தார். எங்களோடு இருந்த மாமியின் வாயில் அது வரவில்லை, வரவேண்டும் என்று அவள் விரும்பவும் இல்லை. "துரையின்ரை நாய் எண்டால் சின்னத்துரைதானே" என்றாள். ஒழுங்கை முழுக்க அந்தப் பெயர் பரவிவிட்டது.

அது எங்களிடம் வந்த விதத்தை ஐயா வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் சொல்லுவார். துரை பட்டாளத்தில் சேர்ந்து யுத்தத்துக்குப் போக ஆயத்தமாகிவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐயா ஏதோ கடதாசிகளில் கையெழுத்து வாங்க ஹெவ்லொக் டவுனில் இருந்த அவருடைய பங்களாவுக்குப் போனார். துரைக்கு இரண்டு நாய்கள். ஐயா போய்ச் சேர்ந்த நேரம் ஒன்றைச் சுட்டு முடித்திருந்தார், தோட்டக்காரன் குழி வெட்டிக்கொண்டிருந்தான். அது அவர்களுடைய வழக்கம். ஊரை விட்டுப் போகும்போது குதிரையையும் நாயையும் கண்டவன் கையில் விட்டுப்போகமாட்டார்கள். துரையிடம் தனக்கென்று ஒரு நாளும் ஒன்றும் கேட்டறியாத ஐயா, இரண்டாவதை எனக்குத் தாருங்கள் சேர் என்று கேட்டுவிட்டார்.

துரை யோசித்துவிட்டுச் சரி என்றார். ஆனால், ஒவ்வொரு நாளும் ஓட விடவேண்டும். இறைச்சி கொடுக்கவேண்டும். வரி கட்டின அடையாளமாக முனிசிப்பல் தருகிற வில்லை கழுத்தில் இல்லாமல் ரோட்டில் விடக்கூடாது. கடைசியாக, கட்டி வைக்கக்கூடாது. "கட்டித்தான் வைக்கப்போகிறாய் என்றால் இப்போதே சொல்லிவிடு, இன்னொரு தோட்டா இருக்கிறது" என்றாராம்.

கட்டமாட்டேன் சேர் என்று ஐயா வாக்குக் கொடுத்தார். நாயைப் பிடித்துக்கொண்டு ஹெவ்லொக் டவுனிலிருந்து வீடு வரை நடந்தே வந்தார். ஒரு உயிரைக் காப்பாற்றிய பெருமை அவர் முகத்தில் இருந்ததை நான் பார்த்தேன். இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அந்தப் பெருமை மறுபடி வரும்.

அம்மா அப்போது தம்பியைப் பெறுவதற்காக யாழ்ப்பாணம் போயிருந்தாள். வீட்டில் ஐயா, நான், ஐயாவின் தமக்கையான மாமி. மாமி இளவயதில் தாலியறுத்தவள். குசினியும் கிணறும் சாமியறையும் அவளுடைய ராச்சியம். முட்டைக்குக்கூட அந்த வீட்டு வாசலைத் தாண்ட அனுமதி இல்லை. அப்படிப்பட்ட வீட்டுக்குள் இறைச்சி தின்கிற நாய் வந்தால் என்ன செய்வாள்? விரட்டுவாள் என்றுதானே நினைப்பீர்கள். மாமி அதைச் சைவமாக்கினாள். பருப்பும் சோறும் பிசைந்து வைத்தாள், மோர் வைத்தாள். வெள்ளிக்கிழமைகளில் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, மத்தியானம் வரை பட்டினி போட்டாள். நாய் அவளைப் பார்த்து வாலை ஆட்டும். "பாரன், போன பிறப்பிலை நல்ல சைவக்காரனாய் இருந்திருக்கும்" என்பாள். அவளுக்கு அதன்மேல் ஆசை இருந்தது. அதை நான் மறைக்கப்போவதில்லை.

ஐயா துரை சொன்னபடி ஓட்டத்தை மட்டும் பிடித்துக்கொண்டார். விடியற்காலையில் காக்கிக் கட்டைக் களிசானும் கன்வஸ் சப்பாத்தும் போட்டுக்கொண்டு, ரயில் பாதையைக் கடந்து கடற்கரையில் நாயோடு ஓடுவார். நாயோடு இங்கிலீஷில்தான் கதைப்பார். சிங்கள மீன்காரர்கள் வலையை விட்டுவிட்டு நின்று பார்ப்பார்கள். விடுமுறை நாட்களில் நானும் பின்னால் ஓடுவேன். சின்னத்துரை அலைக்குள் பாய்ந்து, வெளியே வந்து, எங்கள்மேல் உதறும். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக ஒரு பிராணியை நான் பிறகு கண்டதில்லை.

திரும்பி வரும் வழியில் ஒழுங்கை முகப்பில், நானா என்று நாங்கள் கூப்பிடும் முஸ்லிம் கடைக்காரரின் கடை. அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் அங்கேதான். நானாவின் மச்சான் இறைச்சிக்கடை வைத்திருந்தார். அதனால் நானாவின் மேசைக்குக் கீழே சின்னத்துரைக்கென்று ஒரு எலும்பு, சதையோடு, ஒவ்வொரு நாளும் காத்திருக்கும். "சின்னத்தொர வாரார்" என்று சொல்லிக்கொண்டே எடுத்துப் போடுவார். ஐயா அந்த நேரம் பார்த்துப் பேப்பர் தலைப்புகளை வாசிக்கத் தொடங்குவார். நாய் தின்று முடிந்ததும் ஐயா அதைத் திரும்பக் கடலுக்குக் கூட்டிப்போய் வாயைக் கழுவிவிடுவார். மாமியின் மூக்கு அப்படி. உப்புத்தண்ணீரில் நாயின் வாயைத் திறந்து விரலால் தேய்த்துவிட்ட கவுண்மேந்துக் கிளாக்கர் இலங்கையிலேயே என் ஐயா ஒருவராகத்தான் இருந்திருப்பார்.

ஒரு நாள் நாய் முழு எலும்பையும் தின்று முடிக்கவில்லை. மிச்சத்தை ஐயாவுக்குத் தெரியாமல் வாயில் அடக்கிக்கொண்டு வந்து கிணற்றடியில் தோண்டிப் புதைத்துவிட்டது. நாய்தானே, நாளைக்கு என்று சேர்த்து வைத்தது. மாமி பூவுக்குத் தண்ணீர் விடப் போனபோது அது காலில் இடறியது.

அன்றைக்கு ஆள் பிடித்துக் கிணற்றை இறைத்தார்கள். வீடு முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். மாமி எலும்பை அடுப்படி இடுக்கியால் தூக்கி, வாழையிலையில் சுற்றி, என் கையில் தந்தாள். "கொண்டுபோய் அந்தக் கடைக்காரன்ரை மேசையிலை வை. இது எங்கடை வீட்டிலை புழங்கிற சாமான் இல்லை எண்டு சொல்லு."

நான் கொண்டுபோய் வைத்தேன். கடையில் ஆட்கள் நின்றார்கள். நானா இலையைப் பிரித்துப் பார்த்துவிட்டு மூடினார். "மாமிட்ட செல்லுங்க மகள், பெரிய பிழ நடந்துட்டு, மனசில வெச்சுக்கொள்ள வேணாமாம் ண்டு" என்றார். என் உள்ளங்கையில் ஒரு தோடம்பழ இனிப்பு வைத்தார். வீட்டுக்கு வந்ததும் மாமி அந்த இனிப்பையும் எறிந்துவிட்டாள்.

அன்று பின்னேரம் ஐயா நாயைக் கட்டினார். துரைக்குக் கொடுத்த வாக்கு அவருக்கு ஞாபகம் இருந்தது. அதனால் நீளச் சங்கிலி வாங்கினார். பின்வளவில் ஜம்பு மரத்தில் கட்டினால் நாய் மதில்வரை போய் வரலாம். "இது கட்டினது இல்லைப் பிள்ளை, ஒரு காவல்தான்" என்று என்னிடம் சொன்னார். ஆனால் மதில்வரை எட்டுகிற சங்கிலி கிணற்றுவரையும் எட்டியது. மாமி இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தாள். ஐயா சங்கிலியைப் பாதியாக மடித்து, மரத்தோடு கம்பி போட்டு இறுக்கினார்.

யுத்தம் கிட்ட வந்துவிட்டதால் ஐயாவுக்குக் கந்தோரில் வேலை கூடியது. விடிய முன் போவார், இருட்டின பிறகு வருவார். கடற்கரை ஓட்டம் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுங்கி, பிறகு அதுவும் நின்றது. சின்னத்துரை மரத்தைச் சுற்றி நடக்கப் பழகிக்கொண்டது. அது நடந்த இடத்தில் புல் செத்து, மண் வட்டமாக வெளியே வந்தது. காலையில் ஐயா சப்பாத்துப் போடும் சத்தம் கேட்டால் மட்டும் எழும்பி நின்று சங்கிலியை இழுக்கும். கந்தோர்ச் சப்பாத்து என்று அதற்கு யார் சொல்வது.

குண்டு விழுந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்தவர்களுக்கு உயிர்த்த ஞாயிறு. ஒரு பக்கம் துறைமுகத்திலும் கொட்டாஞ்சேனைப் பக்கத்திலும் புகை, மறுபக்கம் இரத்மலானையில் புகை, நடுவில் நாங்கள் கட்டிலுக்குக் கீழே. நாய் குரைக்கவே இல்லை. அடுத்த நாளே ஒழுங்கை காலியாகத் தொடங்கியது. பெட்டியைக் கட்டு, ஸ்டேஷனுக்கு ஓடு, மெயில் கோச்சியைப் பிடி. ஆபத்து என்றால் நம்முடைய ஆட்களுக்குத் தெரிந்த பாதை அந்த ஒன்றுதானே. நாயைக் கொண்டுபோக முடியாது. ரயிலின் கார்ட் பெட்டியில் நாய்க்கென்று ஒரு கூடு உண்டு, அந்த நாட்களில் அதற்குள்ளும் ஆட்கள் குந்தியிருந்தார்கள்.

ஐயா நாயை அவிழ்த்துவிடலாமா என்று யோசித்தார். ஆனால் ஆட்கள் விட்டுப்போன நாய்களை முனிசிப்பல் வண்டி அள்ளிக்கொண்டு போனது. வில்லையைத் திருப்பிப் பார்க்க யாருக்கு நேரம். "கட்டியே இருக்கட்டும், அதுதான் பாதுகாப்பு" என்று முடிவு செய்தார். அப்போதுதான் நானா கேற்றடிக்கு வந்தார். உள்ளே வரவில்லை, கேற்றுக்கு வெளியே நின்றார்.

"சேர், நாங்க எங்கயும் போறல்ல. போறதுக்கு வேற ஊரும் இல்ல. சாவியத் தந்துட்டுப் போங்க. நாய நான் பார்த்துக்கொள்றேன்."

ஐயாவின் கையில் சாவி இருந்தது. கையை நீட்டியும் விட்டார். உள்ளேயிருந்து மாமி கூப்பிட்டாள்.

"தம்பி, ஒருக்கா இஞ்சை வா." குரலை அவள் தாழ்த்தவே இல்லை. "அவனிட்டைச் சாவியைக் குடுத்தால் அவன் மாட்டிறைச்சிதான் போடுவான். திரும்பி வரேக்கை கிணத்தடி முழுக்க எலும்பாய்க் கிடக்கும். சாமியறை இருக்கிற வீடு. எங்கடை ஆள் ஒருத்தரிட்டைக் குடு."

"அக்கா, அவர்தானே இஞ்சை நிக்கப்போறார்."

"மூண்டாம் வீட்டுக் கிளாக்கரும் நிக்கிறார்தானே. நாலு நாள் சோறு போட அவருக்கு ஏலாதே?"

நானாவுக்கு எல்லாம் கேட்டது. ஐயா திரும்பி வந்து, வேறு ஒழுங்கு செய்திருக்கிறோம் என்று சொன்னபோது அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார். சாவி மூன்றாம் வீட்டு மாமாவிடம் போனது. அவரும் யாழ்ப்பாணம், அவரும் கிளாக்கர், அவரும் சைவம். ஐயா பெரிய தாச்சியில் தண்ணீரும், ஒரு சட்டி நிறையச் சோறும் வைத்தார். கழுத்துப்பட்டியில் பித்தளை வில்லை இருக்கிறதா என்று பார்த்தார். நாலு நாளில் வந்துவிடுவேன் என்று இங்கிலீஷில் சொன்னார். நாய் அவருடைய சப்பாத்தை மணந்து பார்த்தது.

யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்ததும் ஐயாவுக்குத் தந்தி வந்தது. கந்தோரைக் கண்டிக்கு மாற்றிவிட்டார்கள், நேரே அங்கே வரவேண்டும். அரசாங்கம் வா என்றால் ஐயா போவார். பொல்காவலையில் இறங்கிக் கண்டிக் கோச்சி ஏறினார். இறங்காமல் இருந்திருந்தால் அதே கோச்சி கொழும்புக்குத்தான் போகிறது. நாயை மூன்றாம் வீட்டு மாமா பார்க்கிறார் என்ற நம்பிக்கையில் அவர் இறங்கினார்.

அவர் போன அடுத்த கிழமை மூன்றாம் வீட்டு மாமாவைக் கோயிலில் கண்டோம். வெறும் மேலோடு, திருநீறு பூசி, பிரகாரம் சுற்றிக்கொண்டிருந்தார். மாமியைக் கண்டதும் மடியை அவிழ்த்துச் சாவியை எடுத்தார்.

"நல்ல காலம் உங்களைக் கண்டது. நீங்கள் வெளிக்கிட்ட அடுத்த நாளே எங்களுக்கும் கோச்சியிலை இடம் கிடைச்சிட்டுது. அவசரத்திலை இது என்ரை மடியோடை வந்திட்டுது."

மாமி சாவியை வாங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். "அப்ப நாய்?" என்று நான் கேட்டேன். மாமா கோபுரத்தைப் பார்த்தார். மாமி என்னைப் பார்த்தாள். "நாய் தன்ரை பாட்டைப் பார்க்கும். கோயிலுக்குள்ளை நிண்டு நாய்க்கதை கதைக்காதை."

நான் அழுதேன். அழுததற்கு வீட்டில் அடி விழுந்தது. ஐயாவுக்கு எழுதுங்கோ என்று கெஞ்சினேன். "அவன் புது இடத்திலை வேலை பார்க்கிறான். ஒரு நாய்க்காக அவன்ரை மனசைக் குழப்புறதே" என்றாள். அம்மா மாமியின் சொல்லைத் தாண்டமாட்டாள், ஐயாவின் விலாசம் எனக்குத் தெரியாது. ஒவ்வொரு இரவும் படுக்கும்போது, தாச்சியில் இன்னும் எவ்வளவு தண்ணீர் இருக்கும் என்று மனதுக்குள் பார்ப்பேன். தாச்சி எப்போதும் பாதியளவு நிறைந்தே இருக்கும். பிள்ளை மனம் அதற்குக் கீழே இறங்கத் துணியவில்லை.

மழை தொடங்கின பிறகு கந்தோர் கொழும்புக்குத் திரும்பியது. ஐயா வந்து மாமியையும் என்னையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். தம்பி கைக்குழந்தை என்பதால் அம்மா அங்கேயே நின்றாள். கோச்சி பொல்காவலை தாண்டும்போது ஐயா நல்ல சந்தோஷமாக இருந்தார். இறங்கினதும் மூன்றாம் வீட்டில் சாவி வாங்கவேண்டும், நாய் நம்மை மறந்திருக்குமோ தெரியாது என்றார். மாமி இடுப்பிலிருந்து சாவியை எடுத்து நீட்டினாள்.

"இது எப்பிடி உங்களிட்டை வந்தது, அக்கா?"

"அந்தாள் அப்பவே ஊருக்கு வந்திட்டுது. நீ நிம்மதியாய் வேலையைப் பார் எண்டுதான் சொல்லேல்லை."

ஐயா சாவியை வாங்கவில்லை. அது மாமியின் நீட்டிய கையிலேயே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு அவர் வாங்கி, மூடிய கைக்குள் வைத்துக்கொண்டு யன்னலுக்கு வெளியே பார்த்தார்.

பின்வளவுக்கு ஐயா முதலில் போனார். என்னை வரவேண்டாம் என்று சொல்ல அவருக்கு நினைவு வரவில்லை, நானும் போனேன். ஜம்பு மரத்தடியில் தேன் நிற மயிரும் எலும்பும் கழுத்துப்பட்டியும் கிடந்தன. வில்லை மழையில் கழுவுப்பட்டு மினுங்கியது. தாச்சி கவிழ்ந்திருந்தது. மரத்தின் பட்டை நாய் எட்டின உயரம்வரை உரிந்திருந்தது. அந்த மண்வட்டத்துக்குள் புதிதாக ஒரு புல்லும் முளைக்கவில்லை.

வட்டத்துக்கு வெளியே, மதில் பக்கத்தில், நிறைய எலும்புகள் கிடந்தன. அவை நாயுடையவை அல்ல. இறைச்சிக்கடையில் வாளால் அறுத்த பெரிய மாட்டெலும்புகள். மதிலுக்கு மேலால் யாரோ எறிந்தவை. ஒன்றிரண்டு வட்டத்தின் விளிம்புக்குக் கிட்டத்தான் கிடந்தன, ஒரு முழம் கூட இருக்காது. அந்தப் பக்கமாக மண்ணில் நகங்களால் ஆழமாகக் கீறின குழிகள் இருந்தன, மழைத்தண்ணீர் அவற்றில் தேங்கியிருந்தது. மடித்துக் கட்டாத சங்கிலி என்றால் எல்லா எலும்பும் எட்டியிருக்கும். ஐயா மரத்தில் தான் இறுக்கின கம்பியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மாமி பின்னால் வந்தாள். நாயைப் பார்த்தாள். பிறகு எலும்புகளைப் பார்த்தாள்.

"ஆர் எங்கடை வளவுக்குள்ளை மாட்டெலும்பு போட்டது?" என்றாள்.

நான் அவளை அந்த நிமிஷத்தில் வெறுத்தேன், இன்று வரை அது குறையவில்லை. அவள் சாகக் கிடந்தபோது நான்தான் பால் பருக்கினேன், அப்போதும் குறையவில்லை.

கேற்றில் யாரோ தட்டினார்கள். நானா, குடையோடு, வெளியே நின்றார். நாங்கள் வந்தது தெரிந்து கடையை விட்டு வந்திருந்தார். ஐயா போனார், நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"கொஞ்ச நாள் சத்தம் கேட்டுச்சி சேர்" என்றார். "நான் கேற்ற உடைக்கப் பார்த்த. ரோந்து வந்த வார்டன் புடிச்சிட்டாரு. ஆளில்லாத வீட்ட உடைச்சா கள்ளன் ண்டு உள்ளுக்குப் போட்டுருவேன் ண்டாரு. மதில்ல போத்தல் ஓடு பதிச்சிருக்கு, ஏற ஏலாம போச்சி. உள்ளுக்கு ஒண்டும் தெரியவும் இல்ல. சத்தம் வந்த பக்கம் பார்த்து எலும்ப எறிஞ்ச. ஒவ்வொரு நாளும் எறிஞ்ச. பொறகு சத்தம் நிண்டு போச்சி."

நானா குடையை மற்றக் கைக்கு மாற்றினார்.

"திண்டிச்சா சேர்?"

என் கையை ஐயாவின் கை இறுக்கியது.

"ஓம் நானா" என்றார் ஐயா. "எல்லாம் திண்டிருக்கு. ஒண்டும் மிச்சமில்லை."

நானாவின் முகம் தெளிந்தது. "அப்ப பசியோட போகல்ல" என்றார். எங்களுக்குப் பின்னால், மாமி வாளியில் மஞ்சள் கரைக்கிற சத்தம் கேட்டது.